பனித்தடத்தில் ஒரு ஹெய்

எங்கள் த்ரோன்ஹைம் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பேருந்தில் ஒருவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டோம், கால் கடுக்க நின்றுகொண்டே வருவோம். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரின் காலடி கேட்டால், அவர் இறங்கிப் போகும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதே ஆட்கள் காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்கு மேலே இருக்கும் காட்டுக்குள் போய்விட்டால் போதும், எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் "ஹெய்" என்று வணக்கம் சொல்வார்கள். பகையாளியாக இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதவரை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டோம்.

அந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் நான் ஞாயிறு தவறாமல் மலையேறிக்கொண்டிருந்தேன். என் தங்கை இங்வில் என்னோடு பேசி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

முதலில் என்னை மேலே அனுப்பியது டாக்டர்தான். பகல் சில மணி நேரமே இருக்கிற இருட்டு மாதங்களில் தூக்கம் வரவில்லை, மனசு கல்லாய்க் கனக்கிறது என்று போய் உட்கார்ந்தேன்.

"மாத்திரையை அப்புறம் பாத்துக்கலாம், குன்வோர். வெளிச்சம் இருக்கிறப்பவே வெளிய போங்க. சறுக்குங்க, நடங்க, எதையாவது பண்ணுங்க" என்றார்.

"இதைச் சொல்லவா அத்தனை வருஷம் படிச்சீங்க?"

"ஆமா. கடைசி வருஷத்துலதான் சொல்லித் தந்தாங்க."

என் வாய்க்கு ஏற்ற டாக்டர். பலன் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது, தொடை வலித்தது, பசித்தது, படுத்ததும் தூங்கினேன். ஆனால் அந்தக் கனம் மட்டும் அப்படியே கிடந்தது. அது வெளிச்சம் போதாமல் வந்த கனம் இல்லையே.

அம்மாவின் கடைசி பிப்ரவரி அது. "ஒரு தடவை பனிக்குக் கூட்டிட்டுப் போடி" என்று தினமும் நச்சரித்தாள். இங்வில் செவிலி. "அம்மாவுக்கு நெஞ்சுல சளி. வாசலைத் தாண்டக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அம்மாவைக் கம்பளிகளில் சுற்றி, காலால் உந்தித் தள்ளும் பனிவண்டியில் உட்காரவைத்து, உறைந்த ஏரியை ஒரு சுற்று சுற்றிவந்தேன். மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, அடுப்படியில் வைத்து இங்வில் சொன்னாள்: "உன்னோட நல்ல காத்துதான் அம்மாவைக் கொன்னுச்சு."

கூட்டிப் போனது தப்பென்று நான் இன்றும் நினைக்கவில்லை. அதற்காகத் தங்கை வேண்டாம் என்று ஆகிவிடுமா? கடையில் என்னைக் கண்டால் சட்டென்று மீன் இருக்கும் பக்கம் திரும்பிவிடுவாள். அவளுக்கு மீன் வாடையே ஆகாது. அங்கே நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பவளைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். பேசாவிட்டாலும் தொலைகிறது, அவள் குரலையாவது கேட்டால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் மாடி வீட்டுத் தூர்ஸ்டைனைத் தடத்தில் பார்த்தேன். வீட்டில் என்னைக் கண்டாலே ஓடி ஒளிகிற மனுஷர், பனியில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பேசினார். "உங்க தங்கச்சி மறுபடியும் சறுக்க ஆரம்பிச்சுட்டாங்க போல. போன ஞாயிறு மேல இளைப்பாறுற குடில்ல உக்காந்து வாஃபிள் சாப்பிட்டுட்டு இருந்தாங்களே!" மறுநாள் படியில் பார்த்தபோது, நான் யாரோ என்பதுபோல் சுவரை ஒட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு விடவில்லை. ஆரஞ்சு, குடுவையில் கோகோ, உட்கார ஒரு மெத்தைத் துண்டு. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் ஹெய் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவள் மட்டும் வரவில்லை.

வந்த அன்று நான் ஏற்றத்தில் இருந்தேன். தாடைவரை துணி சுற்றியிருந்தேன், இமையெல்லாம் உறைபனி. வளைவிலிருந்து சிவப்புத் தொப்பி ஒன்று இறங்கி வந்தது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதால் ஒதுங்கி நின்றேன். அவளேதான்.

"ஹெய்."

தடத்தில் எல்லோருக்கும் சொல்கிற அதே ஹெய். சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டாள். எத்தனை நாள் காத்திருந்து, கடைசியில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லையே, பாவி! நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்றல்லவா நினைப்பாள்?

கீழே சறுக்குகிற சத்தம் நின்றது.

"ஏய்! ஹெய் சொன்னா பதில் சொல்லமாட்டியா? அம்மா உனக்கு இதைக்கூடவா சொல்லித் தரல?"

முகத்துத் துணியை இழுத்துவிட்டு அவளிடம் சறுக்கி இறங்கினேன். "நான்தான்னு தெரிஞ்சுதா?"

"இடது கை ஊன்றுகோலைத் துடுப்பு மாதிரி வீசிட்டு இந்த ஊர்ல வேற எவ வர்றா? வளைவுலயே தெரிஞ்சுது. திரும்பிப் போயிடலாம்னுதான் பாத்தேன். எறக்கம், நிக்க முடியல."

சிரிக்கவில்லை அவள். குனிந்து தன் சறுக்குக் கட்டையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவும் அவளும் மட்டுமே கூப்பிடுகிற பெயரைச் சொன்னாள்.

"குன்னா... அன்னிக்கு ஏரியில அம்மா சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்களாவா? 'வேகமாத் தள்ளுடி, மாடு மாதிரி அசையறியே'ன்னு என்னைத் திட்டிட்டே சிரிச்சாங்க." எனக்குக் குரல் உடைந்தது. "'இங்வில் வந்திருந்தா பறந்திருப்போம்'னு சொன்னாங்க."

அவள் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ வந்திருப்பியா?"

"திட்டிக்கிட்டே வந்திருப்பேன்."

மெத்தைத் துண்டைத் தடத்தோரப் பனியில் விரித்தேன். ஒருவருக்கான துண்டு அது. இடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கோகோ ஆறிப்போயிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஹெய் சொன்னார்கள், நாங்கள் அழுதுகொண்டே பதில் சொன்னோம்.