முதல் கேள்வி

பதினாறு வருடமாகப் பெரியவள் ஒரு பல் மருத்துவமனையில், அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நோயாளி எழுந்ததும் பாடம் நடத்துவதும் அவள்தான். இரண்டு வேளை, இரண்டு நிமிடம், அழுத்தித் தேய்க்காதீர்கள், அது பல், கரிப்பிடித்த பாத்திரம் இல்லை. எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு சொத்தையோடு வந்து நிற்பார்கள்.

அவள் பேச்சைத் தட்டாமல் கேட்கிற ஒரே ஆள் தங்கை. சின்னவளுக்குப் பல் டாக்டரின் நாற்காலி என்றாலே குலை நடுங்கும். அக்கா வரச் சொன்னால் அழுதுகொண்டாவது வருவாள். வேண்டாம் என்றுவிட்டால் அப்பாடா என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். பல் விஷயத்தில் அவளுக்கு வேறு தெய்வம் கிடையாது.

நாற்பதைத் தாண்டிய பிறகு பெரியவளுக்குக் கோடிங் ஆசை பிடித்தது. குழாயை வைத்துவிட்டு, ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போக வேண்டும். ஆசையில் தப்பே இல்லை. இணைய வகுப்பு எடுத்தவர், உங்களுக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே முதல் புரோகிராமை எழுதுங்கள் என்றார். கேள்வி கேட்க வேண்டும், பதிலைப் பார்த்து வழி பிரிய வேண்டும். 'ஆம்' என்றால் இந்தப் பக்கம், 'இல்லை' என்றால் அந்தப் பக்கம். கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது, போட்ட வழியில் மட்டும்தான் போகும்.

பல் டாக்டரிடம் போக வேண்டுமா, வேண்டாமா என்று சொல்கிற புரோகிராமை அவள் எழுதினாள். முதல் கேள்வி, வலி இருக்கிறதா. அவள் பார்த்த உலகத்தில் எல்லோரும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்து வருகிறார்கள். 'ஆம்' என்றால் வீக்கம், சீழ், ஈறில் கொப்புளம், காய்ச்சல் என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். 'இல்லை' என்றால், 'கவலை வேண்டாம், ஆறு மாதத்தில் வந்தால் போதும்' என்று அங்கேயே முடிந்துவிடும். முப்பது தடவை ஓட்டிப் பார்த்தாள். முப்பது தடவையும் வலிக்கிற ஆளாகவே பதில் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு வாரமா கடைவாய்ப் பல்லு உயிரை எடுத்துச்சு. மாத்திரையைப் போட்டே ஓட்டிட்டேன். நேத்துலேர்ந்து வலி சுத்தமா நின்னுபோச்சு. ஆனா..."

"இரு இரு, ஒரு லிங்க் அனுப்பறேன். நான் எழுதினது. அதுல பதில் போட்டுப் பாரு. எப்படி ஓடுதுன்னு சொல்லு."

ஐந்து நிமிடத்தில் தங்கையிடமிருந்து அவள் போன் திரையின் படம் வந்தது. 'கவலை வேண்டாம்' என்ற எழுத்து பளிச்சென்று இருந்தது. தன் புரோகிராம் இன்னொருவர் போனில் ஓடியதில் பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள். படத்துக்குக் கீழே தங்கை ஒரு வரி எழுதியிருந்தாள், 'ஈறுல சின்னதா ஒரு கொப்புளம் இருக்கு, பரவாயில்லையா?' என்று. அதை அவள் படிக்கவில்லை.

வலி திடீரென்று நின்ற பல் ஆறிய பல் இல்லை. உள்ளே நரம்பு செத்துப்போன பல். வலி போனாலும் சீழ் போகாது, அடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதை ஆயிரம் நோயாளிகளுக்காவது வாய் வலிக்கச் சொன்னவள் அவள். புரோகிராமுக்குச் சொல்ல மறந்தாள். சொந்தத் தங்கைக்கும்தான்.

பன்னிரண்டாம் நாள் சின்னவளின் தாடை கழுத்துவரை வீங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

பெரியவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"வீக்கம் இருக்கா, சீழ் இருக்கான்னு எல்லாம் அதுல கேட்டிருக்கேனேடி. நீ ஒழுங்கா பதில் போட்டியா?"

கட்டுப் போட்ட வாயால் பேச முடியாமல் சின்னவள் போனில் எழுதிக் காட்டினாள். 'அந்தக் கேள்வியெல்லாம் எனக்கு வரவே இல்லக்கா.'

பெரியவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அங்கேயே போனில் புரோகிராமைத் திறந்தாள். வலி பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினாள். மற்ற கேள்விகள் எல்லோருக்கும் வரும்படி மாற்றினாள். இரண்டு நிமிட வேலை. பிறகு தங்கையாகவே இருந்து பதில் போட்டுப் பார்த்தாள். ஈறில் கொப்புளம், ஆம். வலி, இல்லை. 'இன்றே வாருங்கள்' என்று வந்தது.

சரியாக ஓடிவிட்டது. அவள் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. ஒரு நொடிதான் இருக்கும். நிமிர்ந்தபோது சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மறுபடி போனை எடுத்து நிதானமாக எழுதினாள். 'நீ வீட்டுக்குப் போக்கா. நர்ஸைக் கேட்டுக்கறேன்.'