பார்த்ததற்குக் கூலி

உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடித்த காகிதம். உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை.

“மயக்க மருந்து கொடுத்தப்புறம்தான் அதைப் பிரிப்போம், சோயியேட்டா,” என்று என்னை மலையாளத்தில் அண்ணன் முறை வைத்து அழைத்து, டாக்டர் ஜெஸி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

முதுகெலும்புக்குள் நரம்பு போகும் வழி எனக்கு அடைத்துப் போயிருக்கிறதாம். நெருக்குகிற எலும்பைச் செதுக்கி எடுக்க வேண்டுமாம். முதுகைத் திறந்து செய்வது ஒரு விதம். விரல் நுழையாத துளையில் குழாயை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே செய்வது இன்னொரு விதம். எது மேல் என்றுதான் ஆராய்ச்சி. யாருக்கு எது என்பது உறைக்குள் இருக்கும் சீட்டில்.

“அப்ப உங்களுக்கே தெரியாதா?”

“ரெண்டும் நல்லதுதான். எது கூட நல்லதுன்னு தெரியாது.”

தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் பார்த்ததில்லை. சந்தேகம் கூடிப் போயிற்று.

ஆனால் இந்த டாக்டரம்மாவைத் தவிர ஒருத்தரும் என் கால் நோவை நம்பியதில்லை. நாற்பது எட்டு எடுத்து வைத்தால் இரண்டு காலும் மரக்கட்டை. கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். கைவண்டியைக் குனிந்து தள்ளினால் வலியே கிடையாது, வலியங்காடிச் சந்தை முழுக்கச் சுற்றுவேன். “வண்டின்னா ஓடுறான், வெறுங்கைன்னா உக்கார்றான். நல்ல நோவுடா இது!” என்பான் சரக்குத் தூக்கும் எங்கள் சுமட்டுக் கும்பலின் மூப்பன் அப்து. ஜெஸி டாக்டரோ நான் வாயைத் திறக்குமுன்பே, “குனிஞ்சா சுகமா இருக்குமே?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கையெழுத்துப் போட வந்தேன்.

“எந்த விதம்னு அப்புறமாச்சும் சொல்வீங்களா?”

“ஒரு வருஷத்துக்குச் சொல்ல மாட்டோம். எல்லாருக்கும் ஒரே அளவு கட்டுதான். அப்புறம் உங்களை நடக்கவிட்டுச் சோதிக்கிற பொண்ணுக்கும் தெரியாது.”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. லாரிக்காரன் இயந்திரம் வைத்துச் சரக்கை இறக்குவான். நாங்கள் நிழலில் நின்று பார்ப்போம். பார்த்ததற்குக் கூலி. அரசாங்கம் தடுக்கும்வரை நானும் வாங்கினேன். நாங்கள்தான் இறக்கினோம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அதேபோல் தோலைக் கீறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தைத்துப் பெரிய கட்டாகப் போட்டுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

கேட்டேவிட்டேன். “சும்மா பாத்துட்டு மூடிட மாட்டீங்களே?”

பக்கத்தில் நின்ற மகள் பிரசீதா தலையில் அடித்துக்கொண்டாள். “அச்சா! எல்லாரும் உங்க யூனியன்காரங்கன்னு நினைச்சீங்களா?”

“அதனாலதாண்டி கேக்குறேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “எடுத்த எலும்பைக் காட்டட்டுமா?”

“அது என்னுதுன்னு யாரு சொல்றது?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “ஆராய்ச்சி வேணாம்னா விட்டுடுங்க. அப்பவும் நான்தான் செய்வேன். எந்த விதம்னு நீங்களே சொல்லுங்க.”

எனக்கு என்ன தெரியும், சொல்ல?

“உங்க கூடப்பொறந்தவனுக்குன்னா என்ன செய்வீங்க?”

“சீட்டுத்தான் எடுப்பேன்.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு பேனாவைக் கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சோதிக்கிற பெண் வந்தாள். ஒரு கையில் கடிகாரம், மறு கையில் பிளாஸ்டிக் நாற்காலி.

“முடியலன்னா சொல்லுங்க அங்கிள், உக்காந்துக்கலாம். எண்ணாம நடங்க.”

எண்ணிக்கொண்டேதான் நடந்தேன். கட்டுக்கு அடியில் எரிந்தது. துளையா, பிளவா, எரிச்சலை வைத்துச் சொல்ல முடியவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சுவரைப் பிடிக்கக் கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன். நாற்பத்தொன்று. காலில் உணர்வு இருந்தது. நாளைக்கும் இருக்குமா என்று யார் கண்டது?

“இன்னும் போறீங்களா?” என்றாள்.

நாற்பத்திரண்டாவது எட்டை வைத்தேன். முதுகுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், அந்த நாற்காலி தரையில் கர் கர்ரென்று இழுபட்டுக்கொண்டே வந்தது.