மாமா கேட்ட பெட்டரி

மீராசாஹிபு மாமா தன் டொல்பின் வேனை என் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, நான் ஒரு ஆட்டோவின் வயர்களுக்குள் தலையைக் கொடுத்திருந்தேன். ஹோர்ன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. முப்பது வருசம் டிப்போவில் பஸ் ஓட்டிய மனிதர் அவர். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நான் வெளியே வரும்வரைக்கும் வெயிலில் நின்றார். மாமா என்றால் என் மனைவி முஸ்பிறாவின் வாப்பா. நான் நிமிர்ந்ததும் சலாம் சொல்லிவிட்டு, சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நளீம் மகன், இந்த கேம்பிங் போற ஆக்கள் வேனுக்குள்ளேயே ரெண்டாவது பெட்டரி ஒண்டு பூட்டுறாங்க. சில ஆக்கள் கையில தூக்கிற கரண்டுப் பெட்டி கொண்டு போறாங்க. எது நல்லம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதை அடக்கவும் இல்லை. அந்த வேனை வாங்கிய நாளிலிருந்தே குடும்பத்தில் எல்லோருக்கும் மாமாதான் வாய்க்கு அவல். கடைசி மகள் அப்னாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சகன் சோறு எத்தனை வைப்பது, யார் யாருக்குச் சொல்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில், இவர் பழைய வேனின் பின்சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகையில் கட்டில் அடித்து, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார். கேட்டால் மாமியோடு கேம்பிங் போகப் போவதாகச் சொல்வார். சுபைறா மாமியோ பொத்துவிலுக்கு அங்கால் இரண்டு தரம்கூடப் போனதில்லை. கலியாண வீட்டை விட்டுவிட்டுக் கிழவனுக்கும் கிழவிக்கும் காட்டுக்குள் என்ன வேலை என்று முஸ்பிறா என்னிடம் எரிந்து விழுவாள். நான் அதையும் ஒரு பகிடியாக்கிச் சிரிப்பேன்.

"என்ன மாமா, அறுகம்பே வெள்ளக்காரன்ட வருத்தம் ஒங்களுக்கும் தொத்திற்றா?" என்றேன்.

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு பிசகும் தெரியவில்லை. ஓடுகிற எஞ்சினின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று சாய்ந்தமருது முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிகிறவன் நான்.

கடல் விளையாட்டுக்கு அறுகம்பே வருகிற வெள்ளைக்காரர்களின் வேன் ஐந்தாறுக்காவது இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் மிதப்போடுதான் விளக்கம் சொன்னேன். இரண்டாவது பெட்டரியைச் சீற்றுக்கடியில் பூட்டலாம். நடுவில் ஒரு ரிலே போட்டுவிட்டால், பின்னால் பேன் எவ்வளவு ஓடினாலும் லைற் எவ்வளவு எரிந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுகிற பெட்டரியில் கை வைக்காது. வேன் ஓட ஓட அதுவும் தானாகச் சார்ஜ் ஏறும். ஆனால் வேன் ஓட வேண்டும், அதுதான் அதன் ஒரே நிபந்தனை. தூக்கும் பெட்டி அப்படியல்ல. வீட்டுப் பிளக்கில் குத்தியும் ஏற்றலாம், வெயிலில் சோலார் தகடு விரித்தும் ஏற்றலாம், வேனை விட்டு இறக்கி எங்கேயும் கொண்டு போகலாம். பழுதானால் மட்டும் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கவனமாகக் கேட்டு, காகிதத்தில் இரண்டொன்றைக் குறித்தும் கொண்டார். நான் ஒரு கார்ட்போட் மட்டையைக் கிழித்து, என்னென்ன பாவிக்கப் போகிறார் என்று எழுதினேன். மாமியின் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் வைக்க ஒரு சின்ன பிரிட்ஜ், ஒரு பேன், இரண்டு லைற், போன்.

"சரி, எத்தின நாளைக்கி மாமா?"

"எது மகன்?"

"எஞ்சினப் போடாம ஒரு எடத்துல எத்தின நாள் நிப்பீங்க? ரெண்டு நாளா, மூணு நாளா? அதுக்கேத்த மாதிரித்தான் கணக்குப் பாக்கணும்."

மாமா வீதியைப் பார்த்தார். அங்கே ஒரு நெல் லொறி போய்க்கொண்டிருந்தது.

"நாள்க் கணக்கு ஒண்டும் இல்ல மகன். ஒரு எடத்துலதான் நிப்பாட்டப் போறன். மாமிட உம்மாட வளவுல."

அந்த வளவு எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கிறது. மாமியின் உம்மாவுடைய வீடு அங்கேதான் இருந்தது, சுனாமி கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வைத்துவிட்டார்கள். வீடு இல்லாததால் மின்சாரமும் இல்லை. பழைய அத்திவாரமும் இரண்டு தென்னையும் மட்டும்தான் மிச்சம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கேம்பிங் போக இலங்கையில் வேறு இடமே கிடைக்கவில்லையா, நடந்து போகிற தூரத்துக்கு ஒரு வேனா என்று எனக்குள் நக்கலடித்துக்கொண்டே, பெட்டரிக்காக வேனின் மொடலையும் வருசத்தையும் பார்ப்பதற்கு அதன் பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். உரிமையாளர் பெயருக்கு நேரே மாமியின் பெயர் இருந்தது.

"என்ன மாமா, மாமிட பேரப் போட்டிரிக்கீங்க? அவங்களுக்கு சைக்கிளும் ஓடத் தெரியாதே?"

"வீடெண்டா பொம்புளட பேர்லதானே மகன் எழுதுற" என்றார் மாமா, சந்தையில் இன்றைக்கு என்ன மீன் என்று சொல்கிற குரலில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.  எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் வீடு கட்டத் தொடங்க வேண்டும், கலியாணத்தன்று அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவான். மாமா மூன்று மகள்களுக்கு மூன்று வீடு கட்டினார். மூத்தவள் ஸகியாவின் கலியாணத்தோடு முதல் வீட்டை விட்டு இரண்டாவதற்கு வந்தார்கள். முஸ்பிறாவின் கலியாணத்தோடு அதையும் எங்களுக்கு விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போனார்கள். அந்த மூன்றாவது இப்போது அப்னாவுக்கு. உம்மா வாப்பா கடைசி மகளோடு இருந்துகொள்வார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கிற விஷயமல்ல. அதனால் நாங்கள் யாருமே கேட்கவில்லை. நான் பகிடி பண்ணிப் பண்ணிச் சிரித்த அந்தப் பலகைக் கட்டிலும் பூப்போட்ட திரையும் ஒரு வீட்டின் சாமான்கள்.

"அப்னாவோட இரிப்பீங்க எண்டுதானே மாமா நாங்க எல்லாரும்..."

"வீட்டுல வேற ஆக்கள் இரிக்கப்படாது எண்டு மாப்புளட ஆக்கள் கேட்டாங்க. நான் ஓம் எண்டிற்றன்."

வந்ததே எனக்குக் கோபம். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எறிந்தேன், அது ஆட்டோவுக்கடியில் உருண்டு போனது. "என்ன மனுசனுகள் மாமா இவனுகள்? பெத்த உம்மா வாப்பா வேற ஆக்களா? நான் போய்க் கதைக்கிறன். வெக்கம் ரோசம் இல்லாத கூட்டம்!"

மாமா குனிந்து, ஸ்க்ரூ டிரைவரைத் துழாவி எடுத்து, துடைத்து, மேசைமேல் வைத்தார்.

"ஏசாதீங்க மகன். ஒங்கட உம்மாவும் அப்பிடித்தான் கேட்டாங்க. அண்டைக்கு எங்களுக்குப் போறத்துக்கு இன்னொரு வீடு இரிந்திச்சி. அவ்வளவுதான்."

அவர் குரலில் குத்தல் இல்லை, ஒரு துளிகூட இல்லை. எனக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உம்மா அதைக் கேட்டது எனக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. கலியாணம் பேசிய அன்று அடுத்த அறையில் புதுச் சாறனோடு உட்கார்ந்து பலூதா குடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். கேட்டதும் விளங்கியது, விளங்கியதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினேழு வருசமாக அதை ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டுப் பகலுக்கே வீட்டுக்குப் போனேன். முஸ்பிறா மீன் அரிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். முதலில் நான் வழக்கம்போலப் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீன் கையோடேயே போனை எடுத்து ராத்தாவுக்கு அடித்தாள். ஸகியா ராத்தா அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

"நீ கேட்டிரிப்பாய் எண்டு நான் நெனச்சன்கா."

"நான் நீங்க கேட்டிரிப்பீங்க எண்டு நெனச்சன் ராத்தா."

  மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் இருவரும் அப்னாவின் வீட்டுக்குப் போனோம். மாமி வேனுக்குள் உட்கார்ந்து திரையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். முஸ்பிறா அழுதாள், ஏசினாள், எங்கள் வீட்டில் முன் அறை சும்மாதான் கிடக்கிறது, இன்றைக்கே வாருங்கள் என்று மாமியின் கையைப் பிடித்து இழுத்தாள். "கடக் காத்து ஒடம்புக்கு நல்லம் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமி ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார். மாமாவும் அசைந்து கொடுக்கவில்லை.

"எண்ட வாயால, இது ஒங்கட வீடு எண்டு சொல்லிக் குடுத்த வீடு புள்ள. அதுக்குள்ள திரும்பி வந்து ஒரு மூலையப் புடிச்சிக்கிட்டு இரிக்கச் சொல்றியா? நீ ஒண்டும் நினைக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நான் நெனைப்பன்."

கதைத்துச் சரிவராது என்று தெரிந்ததும் நான் என் தொழில் புத்தியைப் பாவித்தேன். அப்படியென்றால் இரண்டாவது பெட்டரியே நல்லது, ஒவ்வொரு நாளும் வேனைக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். ஓட்டுவதென்றால் எங்கே ஓட்டுவார்? ஒருநாள் எங்கள் வீடு, ஒருநாள் ராத்தா வீடு. வந்தால் சாப்பிட வைக்கலாம், சாப்பிட்டால் படுக்க வைக்கலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நிற்க, மாமா என்னை வேனுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எஞ்சினப் போட்டா மாமி, எங்க போறம் எண்டு கேப்பா மகன். தெனமும் கேப்பா. நான் என்னத்தச் சொல்ற? அந்தப் பெட்டியே இரிக்கட்டும்."

பெட்டியே வந்தது. நானே கொழும்பிலிருந்து எடுப்பித்து, தென்னைக்கும் வேனுக்கும் நடுவில் சோலார் தகட்டை நிறுத்திக் கொடுத்தேன். கலியாணம் சிறப்பாக நடந்தது என்று ஊரில் சொன்னார்கள். நான் எத்தனை பேருக்குச் சோறு வைத்தேன், யாரோடு கதைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. விருந்தாளிகள் போய் முடிந்ததும் மாமா வேனை எடுத்தார். மாமி முன்சீற்றில் பிரயாணம் போகிறவர் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்னா வாசலில் நின்று, ஏதோ விளங்காதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் மாரி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக வெயில் என்பதே இல்லை. நான்காம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு முஸ்பிறாவும் நானும் ஒன்றாகப் போய்த் திறந்தோம். மாமா நின்றார், தொப்பியிலிருந்து தண்ணீர் வடிய. துவாயால் சுற்றிய பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். செருப்பை வெளியே கழற்றினார். கால்மிதியில் ஒருதரம் துடைத்தார், பிறகு இன்னொருதரம் துடைத்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் இல்லாததால பெட்டி செத்துப் போச்சி. மாமிட மருந்து சூடாகுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "மகன், ஒங்களுக்குக் கரச்சல் இல்லாட்டி, ஒரு பிளக் தருவீங்களா?"

இந்த வீட்டில் ஒவ்வொரு பிளக்கும் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பூசாத சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக் கொடுத்தவர் அவர். முஸ்பிறாவுக்கு அப்போது எட்டு வயது, அந்தக் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரிந்தவள் அவள்தான்.   நான் பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

"நில்லுங்க மகன், தண்ணி சொட்டுது. ஒங்கட தளம் பழுதாப் போகும்" என்று சொல்லிவிட்டு, மாமா ஓரடி பின்னால் வைத்து, மழைக்குள் நின்றுகொண்டே, பெட்டிக்குமேல் குனிந்து அதன் ஈரத்தைத் தன் சட்டையால் துடைக்கத் தொடங்கினார்.