கன்னத்தில் கொஞ்சம் பச்சை

பதினாறு வருடமாக ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் செய்கிறவள் நான். பரு, கருவளையம், இரட்டைத் தாடை எதுவானாலும் என்னிடம் வந்தால் காணாமல் போகும். அப்படிப்பட்டவள் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தது என் கொழுப்பு.

வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் டர்பன்டைன், வண்ணம் கரைக்கிற எண்ணெயின் பெயர். ஆள் வருமுன் வாசனை வந்துவிடும். அவர் எங்களுக்கு ஓர் அச்சுப் படம் கொடுத்தார். கைகட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கன்னம் பச்சை, கழுத்து மஞ்சள், மூக்கு இடது பக்கம் கோணல், ஒரு தோள் காதை இடிக்கிறது. உள்ளே கொதிப்பதை வெளியே நிறமாகப் போட்ட படம், இதை அப்படியே பார்த்து வரையுங்கள் என்றார்.

மூன்று வாரம் வரைந்தேன். என்னை அறியாமல் கை மூக்கை நிமிர்த்தியது, தோள்களைச் சமமாக்கியது, பச்சையைத் துடைத்து ரோஜா நிறம் ஏற்றியது.

டர்பன்டைன் வெகுநேரம் பார்த்தார். "இந்தம்மாவுக்கு உடம்பு தேறிடுச்சு போல," என்றார். பிறகு கத்தியைக் கொடுத்து எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னார். வகுப்பே சிரித்தது.

சுரண்டிய கான்வாஸ் துணியோடு வீட்டுக்கு வந்தால் நாத்தனார் காத்திருந்தாள். என் கணவரின் தங்கை, எங்களோடு இருக்கிறாள், ஜவுளிக்கடையில் புகார் கவுண்டர். எட்டு வருடம் முன்பு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அனுப்பிய படத்தை நான்தான் மெருகேற்றினேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். பொண்ணு எங்கே என்று பையனின் அம்மா கேட்டேவிட்டார்.

இப்போது ஒரு லிஃப்ட் மெக்கானிக். போனில் இரண்டு முறை பேசியிருக்கிறார், படம் கேட்டிருக்கிறார். அவரை இவளுக்குப் பிடித்துவிட்டது என்பது இவள் எரிந்து விழுந்ததிலேயே தெரிந்தது. தொடாமல் ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்றாள். எடுத்தேன். புருவங்களுக்கு நடுவே ஒரே ஒரு கோட்டை மட்டும் அழித்தேன். அதுவும் கை செய்த வேலை.

பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். எதிர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தாள்.

"நான் எப்படி இருக்கேனோ அப்படியே பாருங்க அண்ணி. ஒரு தடவையாவது."

வெட்கமாக இருந்தது. பார்த்தேன். ஒரு தோள் தூக்கியிருந்தது. மூக்கு இடது பக்கம். டியூப் லைட்டில் கன்னம் சத்தியமாகப் பச்சை. அசையாதே என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷைத் தேடினேன். அசைய முடியாத அளவுக்குக் கோபம் அவளுக்கு, எனக்கு வசதியாகப் போயிற்று.

முடிக்க நான்கு நாள் ஆனது. அவள் கோபம் ஆறும்போதெல்லாம் அந்தப் பையனின் அம்மாவை நினைவுபடுத்தினேன். பச்சை குறையவே இல்லை.

நான் கொடுத்த படம் இது இல்லை என்றார் டர்பன்டைன். ஆனால் கத்தியைத் தரவில்லை.

நாத்தனார் அதன் முன் நின்றாள். போனில் அதைப் படமெடுத்து, நான் தடுப்பதற்குள் மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டாள். இன்னொரு முறை என்னால் அவள் கல்யாணம் நின்றால் இந்த வீட்டில் நான் எப்படித் தலைநிமிர்வது? ஒரு மணி நேரம் பதில் இல்லை. அவள் ஒரே துண்டை மூன்று முறை மடித்தாள். பிறகு வந்தது, சனிக்கிழமை வரலாமா என்று.

பத்து நிமிடம் தாமதமாக வந்தார். வாசலிலேயே நாத்தனாரின் விசாரணை தொடங்கிவிட்டது. ஏன் தாமதம், தாமதமென்றால் போன் எதற்கு இருக்கிறது, லிஃப்டில் மாட்டியவர்களையும் இப்படித்தான் காக்க வைப்பீர்களா? மனிதர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீங்க வரைஞ்சதா?" என்று என்னிடம் கேட்டார். "நல்லாதான் இருக்கு. கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட்டுட்டீங்க."

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தால் அவள் மூக்கு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போகிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.