ஓட்டோவில் ஏற்றி வந்த அம்பிளிபயர்

1

இந்தக் கதை ஒரு திருட்டிலிருந்து பிறந்தது என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். திருட்டு என்றால் பொலிசுக்குப் போகலாம். நான் செய்ததற்கு எந்தப் பொலிசும் வராது. இரண்டு பேர் அம்பிளிபயர்களை மாற்றிக்கொண்டோம், தேநீர் குடித்தோம், சிரித்தபடி விடைபெற்றோம், அவ்வளவுதான். ஏழு மாதமாகிறது. அவருடையது இப்போது நல்லூரில் என் அறையில், இதை எழுதும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாற்றுவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுப்பதைப் பற்றிய கதை இது. உண்மையில் அந்த முடிவை எடுக்க நான் அவரை விடவில்லை. கதையிலாவது எடுக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

கொடிகாமத்தில் பஞ்சலிங்கம் என்றொரு கலைஞர் வாழ்ந்தார். இசையே அவருடைய மூச்——

வேண்டாம். அவர் வாசித்தால் சிரிப்பார். கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கத்தரிக்காய் மூட்டை நிறுக்கிறவர் அவர். கலியாண நாட்களில் ஓர் இசைக்குழுவோடு மண்டபம் மண்டபமாகப் போய்க் கிற்றார் வாசிப்பார்.

இரண்டாம் தொடக்கம்:

அந்த அம்பிளிபயர் இருபத்தாறு கிலோ.

இது இருக்கட்டும். சந்தைத் தராசில் வைத்து அவரே நிறுத்துப் பார்த்த கணக்கு. பழைய வால்வு வகை. சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது, உள்ளே சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பஞ்சலிங்கம் அண்ணை அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். சூடு கைக்குத் தெரிந்த பிறகுதான் முதல் தந்தியைத் தொடுவார். வருகிற ஒலியில் ஒரு மெல்லிய கரகரப்பு இருக்கும், நன்றாகப் பாடுகிற ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் இருக்குமே, அதுபோல.

(அடைப்புக்குறிக்குள் ஓர் உண்மை: நானும் அறைக்குள் கிற்றார் வாசிக்கிறவன், அந்த ஒலியைக் கேட்ட அன்றே எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அவருடைய உடம்பைப் பற்றிய என் அக்கறையெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.)

3

மச்சானின் கலியாணம். கச்சேரி முடிந்து மேடையிலிருந்து அதை இறக்கி வைத்துவிட்டு அவர் இடுப்பை, எங்கள் பேச்சில் நாரியை, பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

“அண்ணை, என்னட்டைப் புதுசு ஒண்டு இருக்கு. ஆறு கிலோதான். மோட்டார்சைக்கிளிலை கொண்டு திரியலாம். மாத்துவமே?”

“உங்களுக்கு ஏன் தம்பி இந்தப் பழசு?”

“உங்கடை நாரிக்காகத்தான் சொல்லுறன்.”

“ஓம், நாரி நோகுதுதான். யோசிச்சுச் சொல்லுறனே.”

ஒரு மாதம் யோசித்தார். இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டேன். இரண்டு தரமும் மழையைப் பற்றியும் கத்தரிக்காய் விலையைப் பற்றியும் கதைத்தார். இந்த இடத்தில் கதைசொல்லி அவருடைய மனப்போராட்டத்தை இரண்டு பக்கம் எழுதலாம். எழுதினேன், கிழித்தேன். போராட்டம் ஒன்றும் இல்லை. அவருக்குக் கொடுக்க மனமில்லை. அதை என் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வரவில்லை. இரண்டும் எனக்கு அப்போதே விளங்கிவிட்டன.

4

இந்தப் பகுதியை நாலு தரம் எழுதி நாலு தரமும் என்னை நல்லவனாக்கிவிட்டேன். இது ஐந்தாவது.

ஒரு ஞாயிறு காலை, முன்கூட்டிச் சொல்லாமல், என் அம்பிளிபயரை ஓட்டோவில் ஏற்றினேன். வழியில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் வாங்கினேன். கொடிகாமத்தில் அவர் வீட்டுப் படலையில் இறங்கி, ஓட்டோவை நிற்கச் சொன்னேன்.*

* கவனியுங்கள், நிற்கச் சொன்னேன். வீடு தேடிச் சாமானும் பழமுமாய் வந்த ஒருவனை அதே ஓட்டோவில் திருப்பி அனுப்ப எங்கள் ஆட்களால் முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

பஞ்சலிங்கம் அண்ணை வந்து படலையைத் திறந்தார். ஓட்டோவுக்குள் இருப்பதைக் கண்டார். அவர் முகத்தில்——

[இங்கே அவர் முகத்தைப் பற்றி நாலைந்து வரியில் ஒரு நல்ல பந்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து சாமானை இறக்கிக்கொண்டிருந்தேன்.]

“அட, தம்பி ஏத்திக்கொண்டே வந்திட்டியள். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. மகாதேவி, தேத்தண்ணி ஊத்துமப்பா.”

தேநீர் குடித்தோம். அவர் என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்ல பாரக்குறைவு” என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைகொடுக்க ஓடினேன்.

“விடுங்கோ தம்பி. எனக்குப் பழக்கம்.”

ஓட்டோவில் வைத்தாயிற்று. அப்போது அவர் மனைவி மகாதேவி அக்கா துணி ஒன்றை மடித்துக்கொண்டு வந்தார். பழைய யன்னல் சீலையில் தைத்த உறை, கைப்பிடிக்கு மேலே ஒரு வெட்டுவிட்டு ஓரம் மடித்துத் தைத்திருந்தது.

“இதையும் கொண்டு போங்கோ. அதுக்கு அளவெடுத்துத் தைச்சனான். உங்கடைக்கு இது பெரிசு.”

வாங்கும்போது கை கூசியது என்று எழுதினால் பொய். சந்தோஷமாக வாங்கினேன். கூச்சமெல்லாம் இப்போதுதான்.

5

இரண்டு மாதத்துக்கு முன் சாவகச்சேரியில் ஒரு கலியாணம். மேடையில் அவர். பக்கத்தில் ஒரு கதிரையின் மேல் நான் கொடுத்த அம்பிளிபயர். சுவிட்சைப் போட்டார். பழக்கத்தில் உள்ளங்கையை அதன் தலையில் வைத்தார். அது சூடேறாத வகை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கண்டதும் அவரே வந்தார்.

“சோக்காய் இருக்குது தம்பி. நாரிக்கும் இப்ப நல்ல சுகம்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த உறையைப் போட்டு மூடியவன் இன்னும் கழற்றவில்லை.

நாரிக்குச் சுகம் என்றது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது.

6

முடிவுகள்.

முதலாவது. படலையில் வைத்தே அவர் சொல்கிறார்: “மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, நான் இதைக் குடுக்கிறதாய் இல்லை.” அருமையான வசனம். ஆனால் அது என் குரல். அவர் வாயில் அது வரும் என்று பயந்திருந்தால் நான் ஓட்டோ பிடித்திருக்கவே மாட்டேன்.

இரண்டாவது. நான் மனம் திருந்தி அம்பிளிபயரை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறேன். இதை எழுதி முடித்து ஒரு பின்னேரம் முழுக்க நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. மறுபடியும் அதே படலை, அதே ஓட்டோ, அதே நான். நாரிக்குச் சுகம் என்றது உண்மையானால்? அப்போதும் “வாங்கோ” என்று சிரித்துக்கொண்டு இருபத்தாறு கிலோவையும் வாங்கிக்கொள்வாரே.

மூன்றாவது. பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு கேட்பது. நான் கேட்டு முடிக்கமுன்னமே, “சீச்சீ, நீங்களே வைச்சிருங்கோ தம்பி” என்பார். மனதார வந்ததா மரியாதைக்கு வந்ததா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நேரே கேட்டால் நேரே பதில் கிடைக்கக்கூடும் என்றிருந்த காலத்தை நானே அந்த ஞாயிறு காலையில் கெடுத்துவிட்டேன்.

7

இருந்தாலும் மூன்றாவதைத்தான் எடுக்கிறேன். அவருடைய பதிலை மட்டும் நான் எழுதப் போவதில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு தரம் அவருக்காக நானே எழுதிவிட்டேன், அது போதும். இப்போது நீங்களும் அவரை அறிவீர்கள்.

படலையடி. ஞாயிறு காலை. ஓட்டோ இல்லை. கையில் வாழைப்பழம்கூட இல்லை.

“அண்ணை, உங்கடை அம்ப் உங்களுக்குத் திரும்ப வேணுமே? எனக்காகப் பாக்காதேங்கோ. உங்கடை மனதிலை உள்ளதைச் சொல்லுங்கோ.”

பஞ்சலிங்கம் அண்ணை: “.............................”

(இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை. இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.)