தேர் நிலைக்கு வரும்வரை

1

இந்தக் கதை என் வலது தோள்பட்டையில் இருக்கிறது. மழை இறங்கினால் விண்விண்ணென்று தெறிக்கும். சட்டையை மாட்டக் கையைத் தூக்க முடியாது. வைத்தியர் எலும்புத் தேய்மானம் என்கிறார். எனக்குத் தெரியும், அது தேர்வடம். 1986 ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு ரத வீதியில் அந்த வடத்தைத் தோளில் போட்டு இழுத்தேன். பன்னிரண்டு வருடமாக வலிக்கிறது. மேசையில் முழங்கையை ஊன்றி எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது. எழுத உட்கார்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"மலை முகட்டில் மேகம் இறங்கியிருக்க, ஆண்டாளின் தேர் அசைந்தாடி..." (அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவன் வடத்தைத் தொட்டிருக்க மாட்டான். தேர் அசைந்தாடாது. முக்கும், முனகும், பிறகு நின்றுவிடும்.)

"திருவிழா என்பது பல சமூகங்களின் கூட்டு..." (இதையும் அடித்தேன். கூட்டு என்று சொல்லிவிட்டால் போதுமா? யார் வந்தான், யார் நின்றான் என்று பேர் சொல்ல வேண்டாமா?)

"பொன்னுராஜ் அந்தத் தேர் ஓடிப் பார்த்ததே இல்லை."

இது நிற்கட்டும். தேர்க் கதையைத் தேரைப் பார்க்காதவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

2

பொன்னுராஜுக்குச் சாயர்புரம் பக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் அறுந்த இழை ஒட்டுகிற சைடர் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. (மில்லின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.) ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். ஊரில் அவருடைய கிறிஸ்தவக் கோயிலில் வருடா வருடம் அசனம் நடக்கும். ஊர் மொத்தத்துக்கும் ஒரே பந்தி. முதல் கொப்பரைக்கு அடுப்பு மூட்டி அரிசி போடுவது பொன்னுராஜ் வீட்டு வேலை. அவர் அப்பா போட்டார், இவர் போடுகிறார். அதற்கு மட்டும் எங்கிருந்தாலும் போய்விடுவார்.

இதனால்தான் இருளப்பசாமி அவரிடம் வந்தான். இவனுக்கு வில்லிபுத்தூர். தேரில் வலது முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது இவன் குடும்பத்துக்கு உள்ளது. ஓடுகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் முன்னால் நிற்கிறவன் சட்னி. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் அந்த வருடம் கட்டை இவன் கைக்கு முதன்முதலாக வந்திருந்தது. போகாவிட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். மில்லிலோ இவன் ஏழு வருடமாகப் பதிலி. ஆவணியில் நிரந்தரமாக்கும் பட்டியல் வருகிறது. ஆடியில் ஒரு நாள் குறைந்தாலும் பட்டியலில் பேர் இருக்காது.

எங்கள் மில்லில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு மில்லே மூடிவிடும். மற்றபடி ஆளுக்கொரு விசேஷம். ஒருவனுக்குப் பூக்குழி, ஒருவனுக்குச் சந்தனக்கூடு, ராஜுக்கள் வீட்டில் உகாதி, பொன்னுராஜுக்கு அசனம். உன் விசேஷத்துக்கு உன் கார்டை அடித்து உன் மெஷினில் நான் நிற்பேன். என் விசேஷத்துக்கு நீ நில். ஆள் மாத்து என்று பேர். மேஸ்திரி சுயம்புலிங்கம் அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கேன்டீனில் வைத்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, ஆடிப்பூரத்துக்கு என் ரெண்டாம் ஷிப்டைப் பாத்துக்கிடணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தேரு நிலைக்கு வந்துட்டா வந்துருவேன்."

"அம்புட்டுத்தானலே? தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் நான் நிக்கேன், போ."

சுற்றிலும் வில்லிபுத்தூர்க்காரர்கள் ஆறேழு பேர் இருந்தோம். வடையைக் கடித்தவன் மெல்லாமல் நிறுத்தினான்.

(வெளியூர் வாசகருக்கு: அப்போது அந்தத் தேருக்கு மரச்சக்கரம். இன்றைக்கு இழுத்தால் இன்றைக்கே நிலைக்கு வந்து சேராது. முதல் நாள் வடம் பிடிக்க இடம் கிடைக்காது. மறுநாள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். தேர் வீதியில் நிற்கும். அந்த வருடம் ஏழு நாள் என்று எனக்கு ஞாபகம்.)

3

இந்த இடத்தில் எனக்கு இருளப்பசாமி மேல் சந்தேகம் வந்து நான்கு நாள் எழுதவில்லை. அவன் தெரிந்தே சொல்லாமல் விட்டானா? "ஒரு வாரம் ஆகும் அண்ணாச்சி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நல்லவனாக்கி ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். "இருளப்பசாமி சொல்ல வாயெடுத்தான், அதற்குள் சங்கு ஊதி" (பொய். சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன், நானும் சொல்லவில்லை.)

அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். எழுதியவரைக்கும் எடுத்துப்போய், ஊரில் இருக்கிற அவன் பெண்டாட்டி வெள்ளத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். முறத்தை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"ஏழு நாளு இல்ல சமுத்திரம், ஆறு."

"ஏழு."

"அண்ணாச்சிக்குச் சோறு தூக்குனது நானா, நீயா?"

"சரி, அதை விடு. ஒன் வீட்டுக்காரன் தெரிஞ்சுதான சொல்லாம விட்டான்?"

"தெரிஞ்சுதான். அவிய திருட்டுப்பய இல்ல. பயந்துட்டாவ. ஏழு வருசம் பதிலியா நின்னவனுக்கு வாய் எங்கிருந்து வரும்? அப்படியே எழுது. நல்லவன்னும் எழுதாத, கெட்டவன்னும் எழுதாத."

அப்படியே எழுதிவிட்டேன். நாள் கணக்கு மட்டும் ஏழாகவே இருக்கிறது.

4

முதல் நாள் பொன்னுராஜ் காலை ஏழு மணிக்குத் தன் ஷிப்டில் ஏறி, மூன்றரைக்குத் தன் கார்டை அடித்து வெளியே வந்து, இருளப்பசாமியின் கார்டை அடித்து மறுபடி உள்ளே போனார். ஒரு நாள்தானே என்று மகளுக்குக் காராச்சேவு வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் சாயங்காலம் இடைவேளையில் மில் கேட்டில் வெள்ளத்தாய் தூக்குவாளியோடு நின்றாள். வில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

"தேரு எங்கம்மா நிக்கி?"

"மேலரத வீதி முக்குல, அண்ணாச்சி."

"நேத்தும் அங்கதான நிக்கின்னு இவனுவ சொன்னானுவ?"

"ரெண்டடி நகந்திருக்கு."

பொன்னுராஜ் தூக்குவாளியைத் திறக்காமல் அவளைப் பார்த்தார். காதில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு.

"இந்த ரெண்டடிக் கணக்குல போனா நிலைக்கு என்னைக்கு வரும்?"

அவள் தலை குனிந்தாள். "இன்னும் நாலு நாளாவது ஆவும். ஒரு நாள்ல வராதுன்னு அவியளுக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒங்ககிட்ட மறச்சிட்டாவ."

பின்னால் நின்ற நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் விட்டுவிட்டோம். "அண்ணாச்சி, தேருன்னா டவுன் பஸ்ஸுன்னு நெனச்சிட்டியளா, டயத்துக்கு ஸ்டாண்டுக்கு வர?"

பொன்னுராஜும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வாய் என்னோடது. நிலைக்கு வர்ற வரைக்கும்னு சொன்னதும் நான்தான். அந்தப் பயலைச் சக்கரத்தைப் பாக்கச் சொல்லு. மெஷினை நெனச்சிட்டு கட்டை போட்டான்னா கை போயிரும்." வாளியைத் திறந்தார். "கருவாட்டுக் குழம்பா? தேரு மெதுவாவே வரட்டும்."

(அப்போது பொன்னுராஜ் உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்று எழுத வேண்டும். எனக்குத் தெரியாது. நாளுக்குப் பதினாறு மணி நேரம் கால் மாற்றி நிற்கிறவனுக்கு, கால் கால் என்றுதான் நினைப்பு ஓடும். அது எனக்குத் தெரியும். மில்லில் நின்று பழகிய எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.)

நான்காம் நாள் மேஸ்திரி கண்ணாடியைத் துடைக்காமல் நேராகப் பார்த்தார்.

"பொன்னுராஜ், ஆபீசு கண்ணுல பட்டா ஒன் வேலையும் போவும், அவன் வேலையும் போவும், எனக்கும் சேத்துப் போவும்."

"படாமப் பாத்துக்கிடுங்க மேஸ்திரி. நூலு குறையாது. குறைஞ்சா அப்ப வந்து கேளுங்க."

நூல் குறையவில்லை. இதை நான் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். ஏழு நாளில் ஒரு நாள்கூட அந்த மெஷினில் நூல் குறையவில்லை.

5

ஏழாம் நாள் நான்கு மணிக்கு வெள்ளத்தாய் வாளியில்லாமல் ஓடி வந்தாள்.

"வடக்கு ரத வீதியில தேரு நிக்கி. வடம் கெடக்கு, பிடிக்க ஆளில்ல. அவியளுக்குக் காலு வீங்கிருச்சு. கட்டைய மட்டும் விட மாட்டேங்காவ."

பொன்னுராஜ் எங்கள் வரிசைக்கு வந்தார். மெஷின் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினார்.

"ஏலே, நீங்க நாலு பேரும் போயி இழுங்கலே. மெஷினை நான் பாத்துக்கிடுதேன். இல்லன்னா நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கயே நிக்கணும்."

"நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி, தேரைப் பாத்த மாதிரி இருக்கும். நான் நிக்கேன்" என்றேன்.

"நிக்கேன்னு சொன்னவன் நான். போலே."

போனோம். தலையிலும் மீசையிலும் பஞ்சோடு பஸ் ஏறினோம். எங்கள் நாலு பேரால்தான் தேர் வந்தது என்று எழுதத்தான் ஆசை. அது புளுகு. தளவாய்புரத்துத் தறிக்காரர்கள் இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். வேறு மில்லுகளில் முதல் ஷிப்ட் முடித்தவர்கள் வந்திருந்தார்கள். பஜாரில் பாதிக் கடை ஷட்டரை இறக்கியிருந்தது. செட்டியார்பட்டி பஸ்ஸின் கண்டக்டர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வடம் பிடித்தார். எனக்கு முன்னால் இழுத்தவன் கழுத்தில் சிலுவை டாலர், பின்னால் இழுத்தவன் தலையில் வெள்ளைத் தொப்பி. யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லை.

கடைசி முக்கில் தேர் திமிறியது. வலது சக்கரம் எங்கள் பக்கம் சாய்ந்து வந்தது. வீங்கின காலோடு இருளப்பசாமி குனிந்தான். கட்டையைச் செருகினான். சக்கரத்துக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். தேர் முக்கித் திரும்பியது. ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த வீதியில் அன்றைக்கு நின்ற அத்தனை பேருக்கும் நெஞ்சு ஒரு விரற்கடை அகன்றிருக்கும். எனக்கு அகன்றது.

அதே நேரத்தில் மில்லில் (இதைச் சொன்னது மேஸ்திரி) பொன்னுராஜ் இருளப்பசாமி மெஷினோடு எங்கள் நாலு பேர் மெஷினுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அறுந்த இழையை ஒட்டிவிட்டுத் திரும்பினால் மறுபக்கம் பத்து இழை அறுந்து கிடக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். பன்னிரண்டு வருடமாக இழை தொடாத மேஸ்திரி எங்கள் மெஷினில் நின்று இழை ஒட்டினார்.

ஏழரை மணிக்கு நாங்கள் திரும்பியபோது இருளப்பசாமியும் நொண்டிக்கொண்டு கூடவே வந்தான். கையெல்லாம் கட்டைக்குப் பூசின விளக்கெண்ணெய்.

"அண்ணாச்சி, தேரு நிலைக்கு வந்துட்டு." காலில் விழப் போனான்.

"எந்திரிலே. எண்ணெய்க் கையோட மெஷினைத் தொட்டிராத, நூலு கெட்டுப்போவும். போய்க் கழுவிட்டு வா. பொறவு நான் உக்காருதேன்."

உட்கார்ந்தவர் பஞ்சுமூட்டை மேலேயே தூங்கிவிட்டார்.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அடுத்த ஆடியில் பொன்னுராஜை நாங்கள் கூட்டிப்போகிறோம். முன்வடத்தை அவர் கையில் கொடுக்கிறார்கள். கூட்டம் அவரை... (நிறுத்திவிட்டேன். நடக்கவில்லை. அடுத்த ஆடியில் வேறொருவன் மெஷினில் நின்றார்.)

இரண்டு: பல வருடம் கழித்து பஸ்ஸில் போகும்போது, தகரம் போட்டு மூடி நிறுத்தியிருக்கும் தேரைப் பார்க்கிறார். "இதுக்கா ஏழு நாளு நின்னேன்?" என்கிறார். (இது நடந்தது. பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். ஆனால் சொல்லிவிட்டு, பஸ் திரும்புகிறவரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.)

மூன்று: ஆவணிப் பட்டியலில் இருளப்பசாமி பேர் இருந்தது. கார்த்திகையில் பொன்னுராஜ் அசனத்துக்குப் போனார், அவர் கார்டை இருளப்பசாமி அடித்தான். கிறிஸ்துமஸ், இளைய மகள் ஞானஸ்நானம், மச்சினன் கல்யாணம் என்று இரண்டே வருடத்தில் ஏழு ஷிப்டையும் நின்று அடைத்தான். அவனை நல்லவன் என்று எழுதாதே என்று வெள்ளத்தாய் சொல்லியிருக்கிறாள். அதனால் அடைத்தான் என்று மட்டும் எழுதுகிறேன்.

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது பொன்னுராஜைத் தேருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த உங்களுக்கு வழி தெரிந்தால் நிறுத்துங்கள். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதைக்கு முடிவு வைக்கிற தகுதியும் எனக்கு இல்லை. ஏன் என்றால்...

7

தோள்வலியால் எழுதுகிறேன் என்று முதலில் சொன்னேன். அது முழுக் காரணம் இல்லை.

ஏழாம் நாள் போன நாலு பேரில் மூன்று பேர் அவரவர் பங்கை நின்று அடைத்துவிட்டார்கள். 1988 பெரிய வெள்ளிக்கு அவர் என்னிடம் கேட்டார். "சமுத்திரம், அன்னைக்கு ரெண்டாம் ஷிப்டு நிக்கியாலே?" எனக்கு அன்றைக்குக் கொழுந்தியா வீட்டில் காதுகுத்து. "அடுத்த வாட்டி அண்ணாச்சி" என்றேன். "அதுக்கென்னலே" என்று போய்விட்டார். பிறகு அவர் கேட்கவில்லை, நானாகவும் போய் நிற்கவில்லை. 1994இல் மில்லைப் பூட்டினார்கள். மெஷினை எடைக்குப் போட்டார்கள். பொன்னுராஜ் சாயர்புரத்துக்குப் போய்விட்டார். இந்தக் கார்த்திகையிலும் முதல் கொப்பரைக்கு அவர்தான் அரிசி போட்டார் என்று கேள்வி.

நிற்க மெஷின் இல்லை, அடிக்கக் கார்டு இல்லை. ஆனாலும் பாக்கி பாக்கிதான். பொன்னுராஜ் அண்ணாச்சிக்கு நான் ஒரு ரெண்டாம் ஷிப்ட் தர வேண்டும்.