கப்பித்தானின் அட்டைகள்

புரொபெசோரே சந்து முனையில் தலையைக் காட்டியதும் சுவாம்பிள்ளை மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினார். நாற்பத்தாறு வயதில் ஒரு கிழவருக்காக வயிற்றை இழுத்துப் பிடிக்கும் நிலைமை தனக்கு வந்துவிட்டதே என்று அவருக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முடியாது. கிழவர் பழைய பூட்டு விற்பவனைக் கடந்தார், கையில்லாத பொம்மைகள் விற்பவளைக் கடந்தார், சுவாம்பிள்ளையின் மேசைக்கு நேரே வந்து தொப்பியைத் தொட்டு "போன்ஜோர்னோ" என்றார். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, "கொல்லேகா!" என்று இரண்டு கையையும் விரித்தபடி எதிர்க்கடை வலன்ரைனின் மேசைக்குப் போய்விட்டார். சுவாம்பிள்ளை மூச்சை விட்டார். வயிறு தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கொல்லேகா என்றால் ஒரே தொழிலில் கூட நிற்கும் தோழன். போன வருடம் வரைக்கும் அந்தச் சொல் சுவாம்பிள்ளைக்கு உரியதாக இருந்தது. கண்ணாடி போட்ட கிழவர்களையெல்லாம் பலெர்மோவில் புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் உண்மையில் ரயில் நிலையத்தில் ரிக்கற் கிழித்தவர். இருந்தாலும் அந்த வாயிலிருந்து கொல்லேகா என்று வந்து விழும்போது, கிழமை முழுவதும் லிபெர்த்தா தெருவில் சிஞ்ஞோராக்களின், அதாவது பணக்கார வீட்டு அம்மாக்களின், குளியலறைகளைத் தேய்க்கிற சுவாம்பிள்ளை, அல்பெர்கேரியாவின் ஞாயிற்றுச் சந்தையில் அரை நாளாவது ஒரு வியாபாரியாக, பேர் உள்ள மனிதராக நிமிர்ந்து நிற்பார்.

தொழில் அவரைத் தேடி ஒரு நிலவறையிலிருந்து வந்தது. குப்பையில் போடு என்று ஒரு சிஞ்ஞோரா கொடுத்த பெட்டி நிறையப் பழைய கொமிக்ஸ். சந்தையில் விரித்தபோது மூன்று கிழவர்கள் அதற்காக ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த சுவாம்பிள்ளைக்கு வாழ்க்கை திறந்துகொண்டது. அது தொண்ணூற்று மூன்றில். இப்போது தொண்ணூற்று ஆறு. அதே கதைகளைப் புதுத்தாளில் மறுபடி அச்சடித்து, ஒரு கோப்பி விலைக்குப் பத்திரிகைக் கடைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வயரைக் கொழுவிக் கட்டைவிரலால் யுத்தம் செய்கிறார்கள். சேகரித்த கிழவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, மகன்மார் அப்பாவின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருகிறார்கள், வாங்க அல்ல, விற்க. மிஞ்சியவர் புரொபெசோரே ஒருவர்தான். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை வந்தால் ஊர் கூடி ஒருவனையாவது விலக்கிவிடும். ஒரு கிழவருக்கு இரண்டு கடை வந்தால் யார் விலக்குவது?

அந்த இரண்டாவது கடைக்காரன் வலன்ரைன் மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது மூன்று மாதம் படுத்தது சுவாம்பிள்ளை வீட்டுப் பாயில். தின்றது சுவாம்பிள்ளையின் மனைவி அற்புதமலர் வைத்த மீன்குழம்பை. கற்றது சுவாம்பிள்ளையின் தொழிலை. எதிரே கடை போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். நன்றாகப் போட்டிருந்தான், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு புத்தகமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில், வாய் ஒட்டி, நிமிர்த்தி வைத்து. சுவாம்பிள்ளையின் புத்தகங்களோ வாழைப்பழப் பெட்டிகளில் நெருக்கியடித்துக் கிடந்தன.

"அண்ணை, உங்கடை பெட்டிக்குள்ளை பூனை படுத்திருக்கு!" என்றான் வலன்ரைன்.

"படுக்கட்டும். அதாவது என்ரை கடைக்கு வருது."

அன்று மத்தியானம் அற்புதமலர் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வலன்ரைன் கடையை எவ்வளவு வடிவா வச்சிருக்கிறான். கோயில் பீடம் மாதிரி."

"ஓம். சவச்சாலை மாதிரி எண்டும் சொல்லலாம்."

"எரியுதோ?"

"எனக்கேன் எரியுது? பொடியன் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சோறு மூழ்கும்வரை சொதியை ஊற்றினார்.

அவள் அதைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, டிசம்பர் நத்தாருக்குள்ளை ஒண்டும் விக்காட்டி கடையை விடுங்கோ. என்ரை சிஞ்ஞோரா ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு ஆள் கேக்கிறா."

ஞாயிற்றுக்கும் ஒரு குளியலறை. தட்டைத் தள்ளி வைத்தார்.

துருப்புச் சீட்டு ஒன்று கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒற்றைக்கண் கப்பித்தான் என்ற கொமிக்ஸ். முதல் வருடத்து இருபத்துநான்கு இதழ்களும், ஒன்று குறையாமல். விலை ஏறும் ஏறும் என்று, நல்ல மாப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணைப்போல வீட்டோடு வைத்திருந்தார். வலன்ரைனிடம் அதில் பதினொன்றுதான். "முழுத்தொகுதியையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும்" என்று புரொபெசோரே அவனிடம் சொன்னது, சந்துக்கு இந்தப்பக்கமும் கேட்டிருந்தது. இனிப் பொறுக்கக்கூடாது. ஆனால் வெறுமனே கொண்டுபோய் வைத்தால் அவனுடைய பிளாஸ்டிக் பைகள் சிரிக்குமே. அவற்றின் வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது செய்யவேண்டும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்தில் வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் புத்தகமாகக் கட்டாத வீடு உண்டா? சுவாம்பிள்ளை கட்டினால் அயல்வீடுகள் இரவல் கேட்டு வரிசையில் நிற்கும்.

சனிக்கிழமை பின்னேரம், தமிழ்ப் பூசைக்குப் பாட்டுத்தாள் வெட்டுகிற கோயில் இயந்திரத்தடியில் வேலை நடந்தது. முதலில் கம்பிகளைக் கழற்றினார். பிறகு அட்டைகளைக் கிழித்தார். கட்டும்போது அட்டையைக் கிழிப்பதுதானே முறை. பின்பக்கம் பற்பசை விளம்பரம், முன்பக்கம் வெறும் கூச்சல், நடுவில் கதை அறுந்துபோகும். மூன்று பக்கமும் ஓரம் வெட்டினார். பழுத்த விளிம்புகள் சுருள்சுருளாக விழ, உள்ளேயிருந்து ஏறக்குறைய வெள்ளையாகத் தாள் எட்டிப்பார்த்தது. ஊசி நூல், கோதுமை மாப்பசை, ஒரு சிஞ்ஞோரா வீசிய சோபாவின் சிவப்பு றெக்சின், முதுகில் பொன் எழுத்து.

"இந்த அட்டையளை என்ன செய்யிறது?" என்று நூலைப் பிடித்துக்கொண்டிருந்த அற்புதமலர் கேட்டாள்.

"தேவையில்லை. நீர் குசினி அலுமாரித் தட்டுக்கு விரியும்."

மறுநாள் வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வைத்தார். வயிற்றை இழுக்க மறந்துபோனார். "புரொபெசோரே!" என்று அவர் கூப்பிட்ட சத்தத்தில் பூட்டுக்காரனும் திரும்பினான். எதிரே வலன்ரைனின் கழுத்து நீண்டது. அந்தக் கழுத்தைப் பார்த்ததே சுவாம்பிள்ளைக்குப் பாதி லாபம்.

கிழவர் புத்தகத்தின் முதுகைப் படித்தார். திறந்தார், புரட்டினார், திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"அட்டைகள் எங்கே?" என்றார் இத்தாலியனில், மிக மெல்ல.

"எடுத்துவிட்டேன், புரொபெசோரே. புலீத்தோ." சுத்தம். லிபெர்த்தாவில் நாள் முழுக்கச் சொல்லும் சொல். இவ்வளவு பெருமையாக அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கிழவர் வெட்டிய ஓரத்தைக் காயத்தைத் தடவுவதுபோல விரலால் தடவினார். முகத்தில் இரத்தமில்லை. வலன்ரைன் சந்தின் குறுக்கே ஓடிவந்து பார்த்தான்.

"ஐயோ அண்ணை... அட்டைதானே விலை. அட்டையும் வெட்டாத ஓரமும். உள்ளுக்கை கிடக்கிறதை ஆர் வாசிக்கினம்?"

அவன் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அவன் கண்ணில் இருந்தது இரக்கம். சுவாம்பிள்ளைக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. குசினியில் மிளகாய்த்தூள் டின்னுக்குக் கீழே கப்பித்தான் ஒற்றைக்கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் உட்காரவேண்டும்" என்றார் புரொபெசோரே. பூனை குதித்து இடம் விட, வாழைப்பழப் பெட்டியில் புத்தகத்தோடு உட்கார்ந்தார். சுவாம்பிள்ளை தண்ணீருக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கிழவர் மூச்சு ஆறுவதற்காக ஒரு பக்கத்தைத் திறந்திருந்தார். பிறகு அடுத்த பக்கம். பிறகு விரலை நாக்கில் தொட்டு இன்னொன்று. சேகரிக்கிறவர் எவரும் விரலை எச்சிலாக்கி சுவாம்பிள்ளை கண்டதில்லை. தண்ணீர் அப்படியே இருந்தது. பூட்டுக்காரன் கடை கட்டத் தொடங்கியபோதும் கிழவர் தலையை நிமிர்த்தவில்லை. திடீரென்று தொடையில் அறைந்து கத்தினார்:

"கொல்லேகா! கப்பித்தானின் கண்ணைக் குத்தியது எதிரி இல்லை, இவனோடு ஒரே பாயில் படுத்த கூட்டாளி! நாற்பது வருடமாக இந்த இதழை வீட்டில் பையில் போட்டு வைத்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது!"

சுவாம்பிள்ளை வலன்ரைனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றான் அவன்.

மத்தியான மணி அடித்ததும் கிழவர் சட்டைப்பையிலிருந்து பஸ் ரிக்கற்றை எடுத்துப் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகினார். "அடுத்த ஞாயிறு வருவேன். யாருக்கும் விற்றுவிடாதே" என்றார். ஒரு லீராவும் கொடுக்காமல், இருபது வயது குறைந்தவர்போல நடந்துபோனார்.

"வாங்கேல்லையோ?" வலன்ரைன் கேட்டான்.

"இல்லை."

"பிறகேன் உங்களைக் கொல்லேகா எண்டவர்?"

அந்தக் குரலில் இருந்த புளிப்பை சுவாம்பிள்ளை உடனே அடையாளம் கண்டார். இத்தனை மாதம் தான் சுமந்த மூட்டையாயிற்றே. ஆடிப்பாடியிருக்கவேண்டும், கொஞ்சம் ஆடினார்தான், மனதுக்குள். பிறகு ஏனோ அலுத்துப்போயிற்று. நத்தாருக்கு நாள் கிட்டத்தான் இருந்தது. சிஞ்ஞோராவின் ஞாயிற்றுக் குளியலறையும் எங்கேயும் போய்விடவில்லை. தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார்.

"இந்தா, குடி. விடியக்காலமை இருந்து நிக்கிறாய்."

வலன்ரைன் குடித்தான். கண் முழுக்க அந்தப் பஸ் ரிக்கற்றில் இருந்தது. மூடியைத் துடைத்துத் தந்துவிட்டுத் தன் மேசைக்குப் போனான். பிறகு வரிசையிலிருந்து ஒரு பையை எடுத்தான், ஒட்டிய வாயில் நகத்தை வைத்தான், இந்தப்பக்கம் நிமிர்ந்து பார்த்தான்.

சுவாம்பிள்ளை சட்டென்று குனிந்து பூனையின் காதைச் சொறியத் தொடங்கினார். சந்துக்கு அந்தப்பக்கம், பிளாஸ்டிக்கிலிருந்து ஒட்டு மெல்ல மெல்ல உரிகிற சத்தம் கேட்டது.